மூடிக்கு உள்பக்கம்

வடிவுக்குக் கோபம் வந்தால் சிரிப்பு வரும்.

இது வியாதி இல்லை, பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் செய்யாத தப்புக்குக் கையை நீட்டச் சொன்ன வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூடுதலாக நாலு அடி வாங்கியவள். சந்தோஷம் வந்தாலோ நேர்மாறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பிளாஸ்கில் காபியோடு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். மாவட்டத்தில் மூன்றாவது இடம்.

நாற்பத்து நாலு வயது வரை இந்தக் குணத்தால் பெரிய சேதாரம் இல்லை. 2042 மே மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை பதினொன்றே காலுக்கு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தன் பிளான் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி.

கம்ப்யூட்டரின் பெயர் ஹெலிக்ரா ஏழு. வடிவு ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. வீடு கட்டுபவர்களுக்குப் பிளான் வரைந்து மாநகராட்சிக்கு அனுப்புவது அவள் தொழில். ஹெலிக்ராவில் வரைந்த பிளானை மட்டும்தான் மாநகராட்சி வாங்கிக்கொள்ளும் என்று போன வருஷம் ஒரு உத்தரவு வந்தது. அந்த உத்தரவு எப்படி வந்தது, யார் யாரைப் பார்த்து வந்தது என்பதெல்லாம் தனிக் கதை.

அன்று காலை திரையில் இருந்திருக்க வேண்டியது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பிளான். மூன்று மாத உழைப்பு. லேபர் வார்டின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நர்சுகளிடம் நேரில் போய்க் கேட்டு வரைந்தது. திரையில் இருந்ததோ ஒரே ஒரு வரி.

‘வெப்பம் அதிகம். உங்கள் படங்களைத் திறக்க இயலாது. சற்று ஓய்வெடுக்கிறேன்.’

வாரண்டி முடிந்து சரியாகப் பத்து நாள்.

வடிவு சிரித்தாள். நாற்காலி குலுங்கச் சிரித்தாள். திரைக்கு மேலே கடுகளவு ஒரு கண்ணாடிப் புள்ளி உண்டு. அது பச்சையாகக் கண் சிமிட்டியது. திரையில் பூ மாரி பொழிந்தது.

‘நன்றி, வடிவு! உங்கள் மகிழ்ச்சியை உலகுக்குச் சொல்லிவிட்டோம். ஐந்து நட்சத்திரம்!’

படம் திறக்காத கம்ப்யூட்டருக்கு, அந்தக் கண் மட்டும் பழுதில்லாமல் திறந்திருந்தது.

அந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பொருள் வாங்கியவர்கள் நல்லது கெட்டதை இணையத்தில் தாங்களே எழுதினார்கள். பிறகு கூலிக்கு எழுதும் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் கூலியே கேட்காமல் எழுதும் யந்திரங்கள் வந்தன. எது நிஜம் என்று யாருக்கும் தெரியாத நிலையில், 2040 ஜனவரியில் மெய்க்கருத்துச் சட்டம் வந்தது. கை பொய் எழுதும், முகம் பொய் சொல்லாது என்றது சட்டம். இனிமேல் முகத்தையும் நாடியையும் பார்த்து கம்ப்யூட்டரே உங்கள் கருத்தைச் சொல்லும். அதுதான் மெய்க்கருத்து. அதற்கு விரோதமாக நீங்கள் வாயால் சொன்னாலும் கையால் எழுதினாலும் பொய்க்கருத்து, தண்டனைக்குரிய குற்றம். கண்ணை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்பதால், கம்பெனி தவிர வேறு எவரும் கம்ப்யூட்டரின் மூடியைத் திறப்பதும் குற்றம்.

கண்ணைச் செய்து கொடுத்த கம்பெனி எது என்று சொல்லத் தேவையில்லை.

வடிவு புகார் எண்ணுக்குப் பேசினாள். தேன் குரல் ஒன்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மன்னிக்கவும், உங்கள் புகாரை உங்கள் முகம் மறுக்கிறது” என்று சொல்லி வைத்துவிட்டது.

அதற்கும் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே பிளான் வரையும் பெரிய தாள் ஒன்றை மேஜையில் விரித்தாள். தடித்த பேனாவை எடுத்தாள். பத்தொன்பது வருஷமாக ‘சமையலறை’, ‘பூஜை அறை’ என்று எழுதிப் பழகிய அச்சு மாதிரியான கையெழுத்தில் எழுதினாள்.

‘ஹெலிக்ரா வாங்காதீர்கள். வாங்கியவள் சொல்கிறேன். — வடிவு, பிளான் ஆபீஸ்.’

ஷட்டரில் நாலு மூலைக்கும் பசை தடவி ஒட்டினாள்.

ஆறாவது நாள் கம்பெனியின் ஆள் வந்து நின்றான்.

*

பெயர் அபிலாஷ். பதவி, கருத்து நல அலுவலர். சென்னையிலிருந்து வந்திருந்தான். நெல்லை வெயிலிலும் சட்டை கசங்கவில்லை.

“மேடம், முதல்லயே சொல்லிடறேன். நான் சண்டை போட வரல.”

“உக்காருங்க. தண்ணி குடிக்கீயளா?”

“உங்க போஸ்டர் பொய்க்கருத்து. கேஸ் போட்டாச்சு. இருபதாம் தேதி கொக்கிரகுளத்துல கருத்து ஆணையத்துல விசாரணை. தோத்தீங்கன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, மன்னிப்புக் கடிதம். அதை நீங்களே சத்தமா படிக்கணும், நாங்க வெளியிடுவோம். ரெண்டு, உங்க பிளான் உரிமம் ரத்து. ஆயுசுக்கும்.”

வடிவு மேஜை மேலிருந்த ஸ்கேலை நேராக வைத்தாள். அந்த உரிமத்தை வைத்துத்தான் அவள் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தாள். ஊரில் பாதித் தெருக்கள் அவள் கையில் பிறந்தவை.

“இல்லன்னா?”

“இல்லன்னா ரொம்ப சிம்பிள்.” அவன் ஒரு தாளை நீட்டினான். “‘நான் திருப்தியாக இருக்கிறேன்’னு ஒரே வரி. கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே புத்தம் புதுசா ஒரு ஹெலிக்ரா ஏழு உங்க டேபிள் மேல இருக்கும்.”

“என் ஆஸ்பத்திரி பிளான்?”

“அது பழைய மெஷினோட போச்சு மேடம். படமெல்லாம் மெஷினோட ஒட்டினது. பாதுகாப்புக்காக.”

“யாரு பாதுகாப்புக்கு?”

அபிலாஷ் அந்தக் கேள்வியைக் கேட்காத மாதிரி தண்ணீர் குடித்தான்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். நான் அன்னைக்குக் கோவத்துல சிரிச்சேன். அது உங்க கண்ணுக்குத் தெரியாதா?”

“சிரிப்புன்னா சந்தோஷம் மேடம். முகம் சுளிச்சா கவனம். பெருமூச்சு விட்டா நிம்மதி. கத்தினா ஈடுபாடு. உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணி வச்ச கணக்கு.”

“அப்பம் அதிருப்தின்னா எப்படித்தான் இருக்கும்?”

“கண்ணீர். அது ஒண்ணுதான். நீங்க அழுதீங்களா? இல்லையே.”

“உங்க ஆபீஸ்ல யாராவது அழுவாவளா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “பாத்ரூம்ல போய் அழுவாங்க” என்றான், முதல் தடவையாக மனுஷன் மாதிரி.

“அந்த அஞ்சு நட்சத்திரத்த அழிச்சுருங்க. நானும் போஸ்டரக் கிழிச்சுருதேன். சரியாப் போச்சுல்லா?”

“அது முடியாது. மெய்க்கருத்தை ஒரு தடவை போட்டா யாராலயும் அழிக்க முடியாது. நீங்க, நான், எங்க எம்.டி., அரசாங்கம், யாரும். அதான் அதோட மதிப்பே.”

வடிவு தாளை வாங்கினாள். ஒரே வரி. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை. அதில் ஸ்கேல் வைத்து ஒரு சதுரம் போட்டாள், நடுவில் ஒரு கதவு வரைந்தாள், அவனிடமே நீட்டினாள்.

“இது என்ன மேடம்?”

“வாசல். பாத்துப் போங்க, படி கொஞ்சம் உயரம்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜை மேலிருந்த கடுகுக் கண் பச்சையாகச் சிமிட்டியது. ‘நன்றி, வடிவு! ஐந்து நட்சத்திரம்!’

“பாத்தீங்களா?” என்றான் அபிலாஷ், படியிறங்கிக்கொண்டே. “இதையும் ஆணையத்துல காட்டுவோம்.”

*

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வடிவு கட்டப்பையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனாள். வழக்கு கிடக்கட்டும், ஆஸ்பத்திரி பிளானையாவது வெளியே எடுக்க முடியுமா? ஊரில் விசாரித்த நாலு பேரும், வேறு யாரும் கேட்கிறார்களா என்று பக்கவாட்டில் பார்த்துவிட்டு, ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ஆசீர்வாதம்.

ஆசீர்வாதம் சட்டம் வரும்வரை கம்ப்யூட்டர் மெக்கானிக். இப்போது அதே கடையில், அதே பலகையில், நன்னாரி சர்பத் விற்றுக்கொண்டிருந்தார். பெரிய மீசை, எலுமிச்சம்பழம் பிழியவே பிறந்த மாதிரி கை.

“மூடியத் தொட்டா மூணு வருஷம் உள்ள. தெரியும்லா தங்கச்சி?”

“தெரியும் அண்ணாச்சி. உள்ள இருக்க படத்த மட்டும்...”

“உள்ளன்னாலே திறக்கணும்லா. சர்பத் வேணா தாரேன். ஐஸ் போடவா?”

“போடுங்க.”

சர்பத்தைக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கையைத் துண்டில் துடைத்தார். கம்ப்யூட்டரை எடுத்தார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதுப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார்.

நின்றார். மறுபடி குலுக்கினார். மீசை அசையவில்லை.

“இத எங்க வாங்குனீய?”

“கம்பெனி ஷோரூம்ல. போன வருஷம் மே மாசம்.”

“புதுசாவா?”

“புதுசுதான். பெட்டிய நானே கத்திரிக்கோல் வச்சு வெட்டினேன். ‘2041 ஏப்ரல் தயாரிப்பு’ன்னு போட்டுருந்துச்சு.”

ஆசீர்வாதம் கம்ப்யூட்டரைப் பலகையில் மெதுவாக வைத்தார், தூங்குகிற பிள்ளையை வைப்பது மாதிரி.

“ஹெலிக்ரா ஏழு எல்லாத்துலயும் ஃபேன் ஆடும். குலுக்கினா கடகடன்னு சத்தம் கேக்கும். பொறவிக் கோளாறு, கம்பெனிக்கே தெரியும். இது ஆடல.”

“நல்லதுதான?”

“என்னத்த நல்லது. ஃபேனுக்கு அடியில சைக்கிள் டியூப்ப சதுரமா வெட்டி வச்சாத்தான் ஆடாது. இந்த மாவட்டத்துலயே அப்படி வைக்கிறவன் ஒருத்தன்தான்.”

“யாரு அவிய? நான் போய்ப் பாக்கேன்.”

“சர்பத் விக்கான்.”

வடிவு கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

அப்புறம்தான் அவர் விவரமாகச் சொன்னார். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளும் திட்டத்தில் கம்பெனி வாரிக்கொண்டு போகிறதே, அந்தக் கம்ப்யூட்டர்களை உருக்குவதாகச் சொல்கிறார்கள். உருக்கவில்லை. மூடியை அப்படியே விட்டுவிட்டு மேல் உறையை மட்டும் மாற்றி, புதுப் பெட்டியில் போட்டு, மறுபடியும் விற்கிறார்கள்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணாச்சி?”

“இப்பத்தான் தெரியும். அதான் கேவலம்.” மீசையைத் தடவினார். “எங்க மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேல முடிஞ்சா மூடிக்கு உள்பக்கம் மஞ்ச மார்க்கர்ல தேதி, பேரு, என்ன பாத்தோம், எல்லாம் எழுதிருவோம். கொண்டு வந்தவியளும் அதுக்குக் கீழ கைப்பட எழுதணும். இல்லன்னா நாளைக்கு வந்து ‘என் பார்ட்ஸ உருவிட்டான்’னு சண்டைக்கு நிப்பாவல்லா? மொதல்ல முக்காவாசிப் பேரு வெறும் கையெழுத்துதான் போட்டாவ. சட்டம் வந்த பொறவு எல்லாருமே மனசுல உள்ளதையெல்லாம் எழுத ஆரம்பிச்சுட்டாவ. வெளிய சொல்லத்தான் வழியில்லையே, உள்ளயாவது சொல்லுவோம்னு.”

“சரி...”

“புதுசுன்னு கொண்டாற மெஷினத் திறந்தா, உள்ள தூத்துக்குடி காஜா கையெழுத்து கெடக்கும். நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. ஒரு தடவயா, ரெண்டு தடவயா? எத்தனையோ தடவ பாத்துருக்கேன். ஆனா வாய் திறக்க மாட்டேன். ‘இது பழசுல்லா’ன்னு சொன்னா அந்த மனுசன் மூஞ்சி செத்துரும். செகண்ட் ஹேண்ட் வாங்கிட்டு கௌரவத்துக்குப் புதுசுன்னு சொல்லுதான் பாவம்னு நெனச்சுக்கிடுவேன். காஜாவும் என் கையெழுத்தப் பாத்து அப்படித்தான் நெனச்சிருப்பான். மரியாத பாத்தே கெட்டோம் தங்கச்சி. திருட்டுப்பய கம்பெனின்னு ஒருத்தன் மண்டையிலயும் ஏறல.”

வடிவு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “அப்பம் இத ஆணையத்துல திறக்க வச்சா...”

“உங்க கேஸு ஜெயிக்கும். நான் உள்ள போவேன்.”

“ஏன்?”

“சட்டத்துக்கு முன்ன கம்பெனி ரப்பர் கடையில கெடச்சுச்சு. டியூப் வெட்டி வைக்க ஆரம்பிச்சதே சட்டம் வந்த பொறவு, கடைக்குப் பின்னால ஒளிஞ்சு பாத்த வேலையிலதான். டியூப் இருக்குன்னா, எழுதியிருக்க தேதி குத்தத் தேதி. கீழ என் பேரு. ஃபேன் ஆட்டத்த நிறுத்துனதுக்கு ஒரு மனுசன் கைப்பட வாக்குமூலம் எழுதிக் குடுத்துருக்கேன் பாத்துக்கிடுங்க.”

“அப்பம் வேண்டாம் அண்ணாச்சி.” வடிவு கட்டப்பையை விரித்தாள். “நான் வேற வழி பாக்கேன்.”

அவர் பையைப் பிடித்துக்கொண்டார். “இந்தா பாருங்க. எங்கிட்ட வந்து எழுதிட்டுப் போனவியள்லாம் வெளிய போயி அந்தக் கண்ணு முன்னால பல்லக் காட்டினாவ. நானும்தான். ரெண்டு வருஷமா பல்லக் காட்டிக்கிட்டே எலுமிச்சம்பழம் பிழியுதேன். போதும். திறக்க வைங்க.”

வீடு இடிக்கும்போது எந்தச் சுவரைத் தொட்டால் எது விழும் என்று பார்க்கிறவள் வடிவு. ஒரு சுவர் ஆசீர்வாதம். அதைத் தொட்டால்...

சர்பத் பாதியில் நின்றது. கண்ணில் கரகரவென்று தண்ணீர் வந்தது.

“என்ன தங்கச்சி, அழுதீய? நான் ஜெயிலுக்கு அஞ்சுற ஆளா?”

“அழல அண்ணாச்சி. சந்தோஷமா இருக்கு.” மூக்கை உறிஞ்சினாள். “இருபதாம் தேதி நீங்களும் வாங்க. வெள்ளச் சட்ட போட்டுட்டு வாங்க.”

*

ஆணையத்தின் அறையில் ஃபேன்கள் ஓடின. காற்று மட்டும் வரவில்லை. நீதிபதி ரஹ்மத் நிஷா மேலப்பாளையத்துக்காரர். பேச்சு குறைவு, பேனா வேகம். அவர் மேஜையிலும் அரசாங்கம் வாங்கிக் கொடுத்த ஹெலிக்ரா ஏழு இருந்தது.

பார்வையாளர் பெஞ்சில் கடைசியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஆசீர்வாதம்.

அபிலாஷ் எழுந்தான். “யுவர் ஆனர், எங்க பதிவுப்படி எதிர்மனுதாரர் வடிவு முன்னூத்தி எழுபத்தஞ்சு நாள்ல ஆயிரத்து நூத்தாறு தடவை இந்த மெஷின் முன்னால சிரிச்சிருக்காங்க. இதைவிட திருப்தியான வாடிக்கையாளர் தென்தமிழ்நாட்டுலயே இல்லை.”

அறையில் யாரோ களுக்கென்றார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்கம்மா?” என்றார் நீதிபதி.

“சிரிச்சத ஒத்துக்கிடுதேன். எனக்குக் கோவம் வந்தா சிரிப்புதான் வரும். ஆனா அவிய காட்டுறது நகல். அந்தப் பதிவு இந்த மெஷின்லதான் எடுத்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நகலை வச்சு ஒரு வீட்டு வரியக்கூட மாத்த மாட்டாவ. என் உரிமத்த மட்டும் ரத்து பண்ணலாமா? மூலத்தக் காட்டச் சொல்லுங்க.”

நீதிபதி அபிலாஷைப் பார்த்தார். “மூலம் எங்கே இருக்கு?”

“உள்ள ஒரு சில்லுல இருக்கு.” அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “தாராளமா காட்டலாம். எனக்குத் திறக்கிற அதிகாரம் இருக்கு, கம்பெனி சாவியும் இருக்கு.”

“ஒரு நிமிஷம்” என்றாள் வடிவு. “திறக்கதுக்கு முன்ன முத்திரையப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. நாளைக்கு நான் ஏதோ உள்ள கை வச்சுட்டேன்னு அவிய சொல்லக் கூடாதுல்லா.”

அபிலாஷ் ஒரு கருவியை எடுத்து முத்திரை மேல் வைத்தான். “தொழிற்சாலை முத்திரை. 2041 ஏப்ரல். அதுக்கப்புறம் இந்த மூடியை யாருமே திறக்கலை. நூறு சதவீதம் உறுதி.”

“எழுதிக்கிட்டாவளா?” என்று வடிவு கிளார்க்கைக் கேட்டாள்.

“எழுதிக்கிட்டாச்சு” என்றார் கிளார்க்.

சாவி திரும்பியது. மூடி திறந்தது.

முதலில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம் மேஜையில் விழுந்து, துள்ளி, நீதிபதியின் பேனா மேல் முட்டி நின்றது. சைக்கிள் டியூப்.

அடுத்து, மூடியின் உள்பக்கம் எல்லோர் கண்ணிலும் பட்டது. மஞ்சள் மஞ்சளாக எழுத்து.

உறையை மாற்றுகிற யந்திரக் கைகள் மூடியில் விரிசலைத் தேடும், துருவைத் தேடும். எழுத்து பழுது இல்லை. அதனால் விட்டுவிட்டன.

நீதிபதி மூடியைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

“‘18.2.38. காஜா, தூத்துக்குடி. கீபோர்டு மாற்றியது.’ கீழே வேறு கையெழுத்து. ‘நாலு எழுத்து அமுங்கவில்லை என்றால் முழுக் கம்ப்யூட்டரும் புதிதாக வாங்கு என்கிறது கம்பெனி. என் வகுப்பில் எவனாவது இப்படிக் கணக்குப் போட்டால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். பிலோமினா, கணக்கு டீச்சர்.’”

இந்தத் தடவை களுக் இல்லை, சிரிப்பு.

“‘9.11.40. ஆசீர்வாதம், ஜங்ஷன். ஃபேன் ஆட்டம். டியூப் வைத்தது.’ கீழே: ‘வெயில் அடித்தால் இது தூங்கிவிடுகிறது. நானும்தான் மத்தியானம் தூங்குகிறேன். எனக்கு எவன் ஐந்து நட்சத்திரம் கொடுத்தான்? சங்கரலிங்கம், டிராவல்ஸ்.’”

அபிலாஷின் சட்டை முதல் தடவையாகக் கசங்கியது. ஆனாலும் அவன் கெட்டிக்காரன். ஒரே தாவலில் ஒரு வழி பிடித்தான்.

“யுவர் ஆனர்! இது குற்றம்! 2040 நவம்பர்ல ஒருத்தன் மூடியைத் திறந்திருக்கான். சட்டம் வந்து பத்து மாசம் கழிச்சு! யார் இந்த ஆசீர்வாதம்?”

கடைசி பெஞ்ச் கிரீச்சென்றது.

“நான்தான்யா” என்றார் ஆசீர்வாதம். “சத்தம் போடாதீரும். ஓடிப் போக மாட்டேன்.”

“ஒத்துக்கறான்! பதிவு பண்ணுங்க! உடனே கைது...”

“பண்ணுங்க” என்றாள் வடிவு.

ஆசீர்வாதமே அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“புகார எழுதிக் குடுங்க தம்பி. ‘2040 நவம்பர் ஒன்பதாம் தேதி, ஜங்ஷன்ல, ஆசீர்வாதம்ங்கிறவர் இந்த மெஷினத் திறந்தார்’னு உங்க கம்பெனி பேர்ல கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டு, 2041 ஏப்ரல்ல தயாரான மெஷின அவரு எப்படி 2040-லயே திறந்தாருன்னு அடுத்த வரியில எழுதுங்க.”

அபிலாஷ் மஞ்சள் எழுத்தின் மேல் விரலை வைத்தான்.

“அந்தத் தேதி பொய்!” என்றான். “யாரோ இப்ப எழுதி வச்சிருக்காங்க!”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “முத்திரைக்கு அப்புறம் யாரும் திறக்கலைன்னு இப்பத்தான் சொன்னீங்க. நூறு சதவீதம்னு இங்கே எழுதியிருக்கு. முத்திரைக்கு முன்னால இந்த மெஷின் உங்க தொழிற்சாலையில இருந்துச்சு. அப்போ பிலோமினா டீச்சர் உங்க தொழிற்சாலைக்கு வந்து எழுதினாங்களா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“தெளிவா ஒண்ணு சொல்லுங்க. இந்த எழுத்து நிஜமா, பொய்யா? நிஜம்னா அவர் குற்றவாளி, நீங்க பழசைப் புதுசுன்னு வித்தவங்க. பொய்னா அவர் மேல குற்றம் இல்லை, ஆனா உங்க முத்திரை பொய். எதை எழுதிக்கட்டும்?”

“தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்றேன்.”

வராந்தாவில் போய்ப் பேசிவிட்டு வந்தான். போகும்போது இருந்த உயரம் வரும்போது இல்லை. போனில் சொன்னதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான்.

“மூடியில எழுத்து எதுவும் இருப்பதா எங்க நிறுவனத்துக்குத் தெரியலை, யுவர் ஆனர்.”

“உங்களுக்குத் தெரியுதா?”

அவன் மஞ்சள் எழுத்தைப் பார்த்தான். சங்கரலிங்கத்தின் கையெழுத்து அவனைப் பார்த்தது.

“நான்... நிறுவனத்தோட கருத்தைத்தான் சொல்ல முடியும்.”

“பாவம்” என்றார் நீதிபதி, நிஜமாகவே. பிறகு பேனாவை எடுத்தார்.

எழுத்தே இல்லை என்று கம்பெனி சொல்வதால் ஆசீர்வாதத்தின் மேல் குற்றம் இல்லை. ஆணையத்தின் கண்ணுக்கு எழுத்தும், பழசைப் புதுசென்று விற்ற மோசடியும் தெரிவதால் வடிவின் மேல் வழக்கும் இல்லை. அவள் உரிமம் அவளுக்கே. போஸ்டர் ஷட்டரிலேயே இருக்கலாம். மேலும், இந்த மாவட்டத்தில் புதுசு என்று விற்ற ஒவ்வொரு ஹெலிக்ரா ஏழையும், வாங்கியவரின் முன்னிலையில் திறந்து உள்பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும்.

“இதைச் செய்ய ஆணையத்தின் சார்பா ஒரு ஆள் வேணும்” என்று நிமிர்ந்தார். “திறக்கத் தெரிஞ்சவரா இருக்கணும். ஆசீர்வாதம், உங்களுக்கு வேற வேலை ஏதும் இருக்கா?”

“சர்பத் கட இருக்கு அம்மா.” துண்டை உதறித் தோளில் போட்டார். “அத நாளைக்கே மூடிருதேன்.”

“முதல் வேலையா அந்த ஆஸ்பத்திரி பிளானை எடுத்துக் குடுங்க. வடிவு, இங்க வந்து உத்தரவு கிடைச்சதுக்குக் கைரேகை வைங்கம்மா.”

வடிவு நடந்து போனாள். நீதிபதியின் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் நின்று கட்டை விரலை வைத்தாள். லேபர் வார்டின் ஜன்னல் ஞாபகம் வந்தது. கிழக்குப் பக்கம். பிள்ளை பிறந்ததும் வெளிச்சம் படட்டும் என்று ஒரு நர்ஸ் கேட்டது.

அவ்வளவுதான். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று அழுத மாதிரி, தோள் குலுங்க அழுதாள்.

திரைக்கு மேலிருந்த கடுகுக் கண் பச்சையிலிருந்து சிவப்பானது. பூ மாரி இல்லை. ஒரே ஒரு வரி.

‘வருந்துகிறோம், வடிவு. ஹெலிக்ரா ஏழு குறித்த உங்கள் கடும் அதிருப்தியை உலகுக்குச் சொல்லிவிட்டோம். ஒரு நட்சத்திரம்.’

அபிலாஷ் பாய்ந்து வந்தான். “இது தப்பு! இவங்க சந்தோஷத்துல அழறாங்க! இவங்க அப்படித்தான்! ஜெயிச்சிருக்காங்க, இவங்களுக்கு எப்படி அதிருப்தி...”

“உட்காருங்க” என்றார் நீதிபதி. “மெய்க்கருத்துக்கு விரோதமா வாயால் பேசினா பொய்க்கருத்து. உங்க சட்டம்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசினா வழக்குப் பதிய வேண்டியிருக்கும்.”

அவன் உட்கார்ந்தான். அந்த ஒற்றை நட்சத்திரம் உலகம் பூராவும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதை வடிவு அழிக்க முடியாது, அவன் அழிக்க முடியாது, அவனுடைய எம்.டி. அழிக்க முடியாது.

ஆசீர்வாதம் துண்டை நீட்டினார். “கண்ணத் துடைங்க தங்கச்சி.”

“இருங்க அண்ணாச்சி” என்றாள் வடிவு. குனிந்து, அந்தக் கடுகுக் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், இன்னும் கொஞ்சம் அழுதாள்.